இரண்டே சீசன் ஆடிய டான்பரி டிராஷர்ஸ்: அப்பா மகனுக்கு வாங்கித் தந்த ஹாக்கி அணி

#1 வடகரை வாசு

வணக்கம். இந்தப் பகுதியில் கிரிக்கெட் இழைகள் நூறு பக்கம் தாண்டி ஓடுகின்றன, கபடிக்கும் குறைவில்லை. ஐஸ் ஹாக்கிக்கு ஒன்றுகூடக் கிடையாது. நான் கனெக்டிகட்டுக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. முதல் குளிர்காலத்திலேயே ஆபீஸ் நண்பர் ஒருவர் வற்புறுத்தி ஒரு மைனர் லீக் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார். அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை. அந்த ஊரின் பழைய அணி ஒன்றின் கதையை இங்கே எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

ஊர் டான்பரி. நியூயார்க் எல்லையை ஒட்டிய சின்ன நகரம். அங்கே ஜேம்ஸ் கலான்டே என்பவர் குப்பை அள்ளும் தொழிலில் பெரிய புள்ளி. ஆட்டோமேட்டட் வேஸ்ட் டிஸ்போசல் என்பது அவருடைய கம்பெனி. மேற்குக் கனெக்டிகட் முழுக்க, பக்கத்து நியூயார்க் பகுதிகளிலும் அவர் லாரிகள்தான் ஓடும். 2004-ல் அவர் யுனைடெட் ஹாக்கி லீக்கில், அதாவது யு.எச்.எல்.லில், ஓர் அணிக்கான உரிமையை வாங்கினார். வாங்கி, பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த 17 வயது மகன் ஏ.ஜே.யை அணி நிர்வாகத்தின் தலைவராகவும் பொது மேலாளராகவும் உட்கார வைத்தார்.

எந்த வீரரை எடுப்பது, சட்டை எப்படி இருக்க வேண்டும், அணிக்கு என்ன முகம், எல்லாம் பையன் சொன்னபடிதான். அவனுக்கு ஹாக்கி எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு டிவியில் வரும் டபிள்யூடபிள்யூஈ மல்யுத்தமும் பிடிக்கும். ஊரே எதிர்த்துக் கூச்சல் போடும் வில்லன் அணி வேண்டும் என்று நினைத்தான். அப்பாவின் தொழிலையே பெயராக வைத்தார்கள்: டிராஷர்ஸ். கோபமாக முறைக்கும் குப்பைத்தொட்டி ஒன்று கையில் ஹாக்கி மட்டையோடு நிற்பதுதான் சின்னம்.

அவர்கள் தொடங்கிய நேரமும் ஒரு மாதிரியான நேரம். சம்பளத் தகராறில், வட அமெரிக்காவின் முதல் மட்ட ஹாக்கி லீக்கான என்.எச்.எல். கதவைச் சாத்திவிட்டது. 2004-05 சீசன் முழுவதும் ரத்து. பெரிய லீக் வீரர்கள் ஆட இடமில்லாமல் நின்றார்கள். 2003-ல் என்.எச்.எல். பட்டத்துக்கான ஸ்டான்லி கோப்பை இறுதியின் ஏழாவது ஆட்டத்தில் நியூ ஜெர்சி டெவில்ஸுக்கு வெற்றி கோல் அடித்த மைக் ரப், அந்த 2004-05 சீசனில் மூவாயிரம் பேர்கூட நிரம்பாத டான்பரி அரங்கில் குப்பைத்தொட்டிச் சட்டை போட்டு ஆடினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஊர் கொண்டாடியது ரப்பை அல்ல, சண்டைக்காரர்களை. பிராட் விங்ஃபீல்ட் போன்ற ஆட்களைத் தேடித் தேடி எடுத்தான் ஏ.ஜே. முதல் சீசனில் மட்டும் அணி வாங்கிய தண்டனை நிமிடங்கள் 2,776. ஒரு ஆட்டமே 60 நிமிடம்தான். சராசரியாக ஆட்டத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இவர்கள் ஆட்கள் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள். அரங்கில் 102-ஆம் பிரிவு என்று ஒரு மூலை. எதிரணி வீரர்களுக்கு அங்கிருந்து வரும் வசவைக் கேட்கவே கூட்டம் வரும்.

வெறும் அடிதடி அணி என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது சீசனில், 2006-ல், யு.எச்.எல்.லின் காலனியல் கோப்பை இறுதிவரை போனார்கள். மிச்சிகனின் கலமசூ விங்ஸிடம் 4-1 என்று தொடரை இழந்தார்கள்.

அது முடிந்து சில வாரங்கள்தான். 2006 ஜூனில் ஜேம்ஸ் கலான்டே மீதும் இன்னும் பலர் மீதும் அமெரிக்க மத்திய அரசு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஜெனோவீஸ் மாஃபியாக் குடும்பத்தோடு சேர்ந்து குப்பைத் தொழிலை வளைத்துப் போட்டிருந்தார் என்பது வழக்கு. அதில் ஹாக்கி அணியும் வந்தது. அந்தக் கோடையிலேயே அணி கலைந்தது.

இந்த இரண்டு வருடத்தை நாம் எப்படி நினைவில் வைத்துக்கொள்வது? அந்த ஊரில் இன்றைக்கும் பழைய டிராஷர்ஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். அவர்களோடு பேசினால் எனக்கு அந்த அணி மேல் பிரியம்தான் வருகிறது. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

#2 குமரன்.பி

வாசு அண்ணா, அருமை. எனக்கு ஹாக்கி என்றால் புல்தரை ஹாக்கிதான் தெரியும். இந்த லீக் எந்த மட்டத்தில் இருந்தது? தண்டனை நிமிடம் என்றால் என்ன? ஆளை வெளியே அனுப்பிவிட மாட்டார்களா?

#3 வடகரை வாசு

குமரன், மேலே என்.எச்.எல். அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல். இவை இரண்டும் பெரிய அணிகளுக்கு ஆள் தயார் செய்யும் நாற்றங்கால். யு.எச்.எல். அதற்கும் அடுத்த படி, பெரும்பாலும் யாருடைய தயவும் இல்லாமல் தனியாக நின்ற லீக். 1991-ல் காலனியல் ஹாக்கி லீக் என்று தொடங்கி 1997-ல் பெயர் மாறியது.

தண்டனை என்றால் காலை வாரினால், மட்டையால் கொக்கி போட்டு இழுத்தால் 2 நிமிடம் பெட்டியில் உட்கார வேண்டும். அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆடும். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குத்துச்சண்டை போட்டால் 5 நிமிடம். இரண்டு பேரும் உட்காருவதால் ஆள் கணக்கு பெரும்பாலும் சமமாகவே இருக்கும். மோசமாகப் போனால் 10 நிமிடம், அல்லது ஆட்டத்தை விட்டே வெளியே.

#4 ரிங்க் ராசன்

தம்பி வாசு, நல்ல இழை. நான் கனடாவில், டொரன்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு பனித்தளத்தில் 22 வருடமாக வேலை செய்கிறேன். ஸம்போனி (பனியை மட்டமாக்குகிற வண்டி) ஓட்டுகிறது, தளம் போடுகிறது எல்லாம் நான்தான். இங்கே நம்முடைய பிள்ளைகள் நிறையப் பேர் விடியக்காலை ஆறு மணிக்கே அப்பாவின் காரில் தூங்கி வழிந்துகொண்டு வந்து இறங்கி ஆடுவினம். அதனால் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கதைக்க எனக்கும் கொஞ்சம் உரிமை இருக்கு என்று நினைக்கிறேன்.

சண்டையைப் பற்றிச் சொல்கிறேன். பார்வையாளருக்குத் தெரிகிறது இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டு குத்துவது. எனக்குத் தெரிகிறது அதற்குப் பிறகு. தளம் முழுக்கக் கையுறை, மட்டை, ஹெல்மெட் சிதறிக் கிடக்கும். நடுவர்கள் ஆட்களைப் பிரித்துக் கொண்டுபோன பின், நாங்கள் சுரண்டியும் வாளியும் எடுத்துக்கொண்டு இறங்குவோம். இரத்தம் சூடு. பனியில் விழுந்த உடனே கொஞ்சம் உருக்கி உள்ளே இறங்கி உறைந்துவிடும். மேலே துடைத்தால் போகாது, அந்த இடத்தையே சுரண்டி எடுக்க வேணும். எடுத்த குழியில் நொறுங்கிய பனியை வைத்துத் தண்ணீர் விட்டு உள்ளங்கையால் அழுத்தினால் ஒரு நிமிடத்தில் இறுகும். தளத்தின் மொத்தத் தடிப்பே ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் கூட, அவ்வளவுதான். ஒரு இரவில் நாலைந்து தரம் இதைச் செய்தால் அந்த மூலை கரடு தட்டிப் போகும். பிறகு பக் (பந்துக்குப் பதிலாக ஆடுகிற தட்டையான ரப்பர் வட்டு) அதில் பட்டுத் துள்ளும். பனித்தளக்காரனுக்குச் சண்டைக்கார அணி என்றால் அதுதான் ஞாபகம் வரும்.

சரி, என் கருத்து. குப்பைத் தொழிலும் மாஃபியாவும் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்குப் பொறுக்காதது சம்பள உச்சவரம்பை மீறினது. அந்த லீக்கில் ஒரு அணி ஒரு சீசனுக்கு வீரர் சம்பளமாக 2 லட்சத்து 75 ஆயிரம் டாலர்தான் கொடுக்கலாம். 20 பேருக்குப் பிரித்துப் பாருங்கள், தலைக்கு 14,000 டாலர்கூட வராது. கலான்டே கிட்டத்தட்ட 7 லட்சத்து 50 ஆயிரம் செலவழித்தார். வீரர்களையும் அவர்கள் மனைவிமாரையும் தன் குப்பைக் கம்பெனிகளின் சம்பளப் பட்டியலில் சேர்த்து, வேலைக்கே வராதவர்களுக்குக் காசு கொடுத்தார். இதை விளையாட்டு என்று எப்படிச் சொல்கிறது?

#5 நெல்லை செந்தில்

ராசன் அண்ணே, சண்டைக்குப் பிறகு பனியை எப்படிச் சரி செய்வார்கள் என்று இதுவரை யோசித்ததே இல்லை. இதற்காகவே இந்த இழையைச் சேமித்து வைக்கிறேன்.

ஆனால் உச்சவரம்பு விஷயத்தில் எனக்கு வேறு எண்ணம். வீரனுக்குக் கூடக் காசு கிடைத்ததே, அது நல்லதுதானே? வாரச் சம்பளத்துக்குப் பஸ்ஸில் பத்து மணி நேரம் போய், முகத்தில் குத்து வாங்கிக்கொண்டு, மறுநாள் வேறு ஊரில் ஆடுகிற பையன்கள். ஒரு பணக்காரர் அள்ளிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வதில் தப்பென்ன?

#6 ரிங்க் ராசன்

செந்தில், வீரனை நான் குறை சொல்லவில்லை. அவனுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. ஆனால் உச்சவரம்பு ஏன் வந்தது என்று பாருங்கள். இந்த லீக்கில் டிவிக் காசு கிடையாது. வாசல் டிக்கெட், பியர், தளத்தைச் சுற்றியுள்ள பலகையில் ஒட்டும் விளம்பரம், சீசன் முடிவில் ஏலம் போடும் சட்டை, வருமானம் அவ்வளவுதான். பணம் உள்ளவன் சம்பளத்தை ஏற்றினால் மற்றவனும் ஏற்ற வேணும், இல்லாட்டித் தோற்க வேணும். தோற்றால் கூட்டம் வராது. கூட்டம் வராவிட்டால் அணி இல்லை.

டிராஷர்ஸ் போன அதே 2006 கோடையில் அந்த லீக்கில் வேறு யார் யார் போனார்கள் தெரியுமா? அடிரொண்டாக் ஃப்ராஸ்ட்பைட், மோட்டார் சிட்டி மெக்கானிக்ஸ், மிசூரி ரிவர் ஒட்டர்ஸ், ஒரே ஒரு சீசன் ஆடிய ரோனோக் வேலி வைப்பர்ஸ். டிராஷர்ஸுக்கு எடுத்த மாதிரி அவர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படம் எடுக்கவில்லை, அவர்கள் சட்டையை யாரும் தேடி வாங்குவதும் இல்லை. அந்த ஊர்களிலும் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை வைத்து ஆட்டம் பார்த்தவைதான்.

#7 திலகா

நான் சென்னையில் ஆடிட்டர். ஹாக்கி தெரியாது. ஆனால் இந்த வழக்கை வேலை சம்பந்தமாக ஒரு பயிற்சி வகுப்பில் படித்திருக்கிறேன். வாசு சொன்னதில் இரண்டு விஷயம் விட்டுப்போயிருக்கிறது.

ஒன்று, சம்பள உச்சவரம்பை மீறுவது லீக்கின் உள்விவகாரம்தானே, அதற்கு எப்படிச் சிறை என்று பலர் கேட்பார்கள். மீறியது மட்டும் குற்றமல்ல. மீறவில்லை என்று லீக்குக்குப் பொய்க் கணக்குக் கொடுத்தார்களே, அதுதான் குற்றம். ஃபேக்ஸ், தொலைபேசி மாதிரியான வழிகளில் மாநில எல்லையைத் தாண்டிப் பொய் அனுப்பி ஏமாற்றினால் அமெரிக்காவில் அது மத்திய அரசு விசாரிக்கும் தகவல்தொடர்பு மோசடி. 2008 ஜூனில் கலான்டே ஒப்புக்கொண்ட மூன்று குற்றங்களில் ஒன்று இது. மற்றவை, குற்றக் கும்பல்களுக்கு எதிரான ரிக்கோ சட்டத்தின் கீழ் குற்றக் கூட்டமைப்பு நடத்தியது, வருமானவரித் துறையை ஏமாற்றியது. தண்டனை 87 மாதம், அதாவது ஏழேகால் வருடம். 25 கம்பெனிகளில் இருந்த பங்கை அரசுக்கு விட்டுக்கொடுத்தார், அதன் மதிப்பு 10 கோடி டாலருக்கு மேல்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். அந்தக் குப்பைக் கம்பெனிகள் தங்களுக்குள் வாடிக்கையாளர்களைச் சொத்து மாதிரிப் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஒரு கடைக்காரர் 'உன் ரேட் அதிகம்' என்று வேறொரு கம்பெனியைக் கூப்பிட்டால், அவர்கள் வேண்டுமென்றே அதைவிட அதிகமாக விலை சொல்வார்கள். நம் ஊர் டெண்டர்களில் சிண்டிகேட் என்கிறோமே, அதே வேலை. இந்த ஏற்பாட்டுக்குக் காவலாக மாஃபியாவுக்கு ஒரு பங்கு போனது. ஜெனோவீஸ் குடும்பத்தின் மாத்யூ இயானியெல்லோவும் இந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்.

அப்படியென்றால் டான்பரியில் ஓட்டல் வைத்திருந்தவரும் சலூன் வைத்திருந்தவரும் மாதாமாதம் குப்பை பில்லில் கூடுதலாகக் கட்டினார்கள். அந்தக் காசில் ஒரு பகுதி வேலைக்கு வராத வீரரின் சம்பளமாகப் போனது. சனிக்கிழமை இரவு அவரே டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் அந்த அணிக்குக் கைதட்டினார். செந்தில், ஒரு பணக்காரர் அள்ளிக் கொடுத்தார் என்றீர்கள். அவர் கொடுத்தது யாருடைய காசு என்று பாருங்கள்.

#8 வடகரை வாசு

திலகா மேடம், இதை நான் இந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. மறுத்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

தேதி வரிசையில் ஒன்றைச் சேர்க்கிறேன். எஃப்.பி.ஐ. 2005 ஜூலையிலேயே கலான்டேயின் அலுவலகங்களில் சோதனை போட்டுவிட்டது. அதாவது முதல் சீசன் முடிந்து இரண்டாவது தொடங்குவதற்கு முன்பே. கோப்பை இறுதிவரை போன அந்த இரண்டாவது சீசன் முழுவதும் அணி இந்தக் கத்தியின் கீழேதான் ஆடியது. வீரர்கள், பயிற்சியாளர், அந்தப் பையன் எல்லோருக்கும் ஏதோ வரப்போகிறது என்று தெரிந்திருக்கும். ஆனாலும் இறுதிவரை போனார்கள்.

கலான்டே தண்டனை பெறும் முன்பே அரசு அந்தக் கம்பெனிகளைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. மார்ஷல் சர்வீஸ் என்று, தப்பி ஓடும் கைதிகளைத் தேடிப் பிடிக்கிற துறை. அவர்கள் கண்காணிப்பில்தான் கொஞ்ச காலம் டான்பரியில் குப்பை அள்ளப்பட்டது. அப்புறம்தான் கம்பெனிகளை விற்றார்கள்.

மகன் மேல் வழக்கு எதுவும் இல்லை. அவர் அதே ஊரில் பிற்பாடு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம் நடத்தினார்.

#9 மிச்சிகன் மீனா

எங்கள் ஊர் அணி பெயர் வந்ததால் உள்ளே வந்தேன்! நான் கலமசூவில் பத்து வருடமாக இருக்கிறேன். 2006-ல் டிராஷர்ஸைத் தோற்கடித்த அந்த விங்ஸ் இன்றும் ஆடுகிறது. யு.எச்.எல். 2007-ல் இன்டர்நேஷனல் ஹாக்கி லீக் என்று பெயர் மாற்றிக்கொண்டு 2010-ல் மூடியே போய்விட்டது. விங்ஸ் அதற்கு ஒரு வருடம் முன்பே ஈ.சி.எச்.எல்.லுக்கு நகர்ந்துவிட்டது.

ராசன் அண்ணாவுக்கு ஒரு தகவல். இங்கே செயின்ட் பேட்ரிக் தினத்தன்று தளம் முழுவதையும் பச்சையாக்கிவிட்டு ஆடுவார்கள். 1982-லிருந்து நடக்கிறது. முதல்முறை பார்த்தபோது வயலில் நாற்று நட்டு ஒரு வாரம் ஆன மாதிரி இருந்தது எனக்கு. அதற்காகவே வெளியூரிலிருந்து ஆட்கள் வருவார்கள். கூட்டம் சேர்க்க ஆளை அடித்துத்தான் ஆக வேண்டும் என்றில்லை.

#10 ரிங்க் ராசன்

மீனா, பச்சைத்தளம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். வெள்ளை நிறமே பனியின் நிறம் இல்லை, தெரியுமோ? தண்ணீரை உறைய வைத்தால் கீழே இருக்கிற சீமெந்தின் சாம்பல் நிறம்தான் தெரியும். மெல்லிய ஒரு படை உறைந்த பிறகு வெள்ளைப் பூச்சை விசிறி அடித்து, அதை உறைய விட்டு, கோடுகள் போட்டு, அதற்கு மேல் மறுபடியும் தண்ணீர் விசிறி விசிறிப் படைபடையாக ஏற்றுவோம். கடைசியில் சுடுதண்ணீர். ஸம்போனியிலும் சுடுதண்ணீர்தான். சுடுதண்ணீரில் காற்று குறைவு, பழைய பனியின் மேற்படையைக் கொஞ்சம் உருக்கி அதோடு ஒட்டும், கண்ணாடி மாதிரி வரும்.

#11 நெல்லை செந்தில்

திலகா அக்காவின் பதிவைப் படித்துவிட்டு ஒரு நாள் யோசித்தேன். பணக்காரர் விஷயத்தில் நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் சண்டை விஷயத்தில் ஒன்று கேட்க வேண்டும். இணையத்தில் டிராஷர்ஸ் வீடியோக்களைப் பார்த்தேன். எல்லாமே அடிதடித் தொகுப்புகள். கீழே ஆயிரக்கணக்கில் 'அந்தக் காலம் போச்சே' என்று ஏக்கம். விங்ஃபீல்டுக்கு அந்த அணியில் ஆடும்போது கால் முறிந்தது என்றும் படித்தேன். இப்படி அடித்துக்கொள்வதற்கென்றே ஓர் ஆளை வேலைக்கு வைப்பது சரியா? உள்ளே இருக்கிறவர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

#12 ரிங்க் ராசன்

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேணும்.

என்ஃபோர்சர் என்று சொல்கிற அந்த ஆள், அணியின் காவல்காரன். சின்ன உடம்போடு வேகமாக ஓடிக் கோல் அடிக்கிற வீரனை எதிரணி நசுக்காமல் பார்த்துக்கொள்வது அவன் வேலை. நசுக்கினால் இவன் வருவான் என்ற பயம் இருக்க வேணும். இதுதான் பழைய கணக்கு. எங்கள் தளத்தில் வயது போன பயிற்சியாளர்கள் இன்னும் இதைத்தான் சொல்வினம்.

ஆனால் அவனுக்கு என்ன நடக்கிறது? டெரெக் பூகார்ட் என்று ஒருவர், என்.எச்.எல்.லில் மினசோட்டா வைல்ட், பிறகு நியூயார்க் ரேஞ்சர்ஸ். ஆறடி ஏழங்குலம். 2011-ல் 28 வயதில் இறந்துபோனார். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடி வாங்குவதால் வரும் சிதைவு அந்த வயதிலேயே இருந்தது. பெரிய லீக்கில் ஆடியவருக்கே அந்த நிலைமை. வாரத்துக்குச் சில நூறு டாலருக்காகக் கீழ் லீக்கில் குத்து வாங்கினவர்களின் மூளையை யார் பார்த்தது?

22 வருடத்தில் கையுறை கழற்றி எறிகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். சண்டை முடிந்து பெட்டிக்குள் போய் உட்கார்ந்ததும் அவர்கள் செய்வது ஒன்றுதான். கையைப் பார்ப்பினம். விரலை மடக்கி, நீட்டி, மடக்கி. ஹெல்மெட்டில் குத்திக் குத்தி முட்டி கிழிந்திருக்கும். வெளியே கூட்டம் எழும்பி நின்று கத்தும். பெட்டிக்குப் பின்னால் நிற்கிற எனக்கு அந்த விரல்கள்தான் தெரியும். ஒரு பொடியன் ஒருமுறை என்னிடம் திரும்பி, 'ஐஸ் இருக்கா?' என்று கேட்டான். அரங்கம் முழுக்கப் பனி, அவன் கைக்கு வைக்க ஒரு துண்டு இல்லை. தளத்தின் ஓரத்தில் சுரண்டிக் கிடந்ததை அள்ளி ஒரு துவாயில் சுற்றிக் கொடுத்தேன்.

2,776 நிமிடம் என்று வாசு எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வந்தது.

#13 குமரன்.பி

ராசன் அண்ணா, இதைப் படித்துவிட்டு அந்த வீடியோக்களைத் திரும்பப் பார்த்தேன். பெட்டியில் உட்கார்ந்தவர்களின் கையைத்தான் தேடினேன். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது.

ஒரு சின்னக் கேள்வி: ஹாக்கி ஜாம்பவான் வேய்ன் கிரெட்ஸ்கியின் தம்பி இந்த அணியில் ஆடினார் என்று ஓரிடத்தில் படித்தேன். உண்மையா?

#14 வடகரை வாசு

உண்மை. பிரென்ட் கிரெட்ஸ்கி. என்.எச்.எல்.லில் டாம்பா பே அணிக்காக 13 ஆட்டம், 1 கோல், 3 அசிஸ்ட் (அடுத்தவர் கோலுக்குக் கொடுத்த உதவி), மொத்தம் 4 புள்ளி. அண்ணன் எடுத்தது 2,857. இரண்டையும் கூட்டினால் 2,861. பெரிய லீக் வரலாற்றில் வேறெந்த இரண்டு சகோதரர்களும் இந்த எண்ணை நெருங்கியதில்லை. அண்ணன் பெயரைச் சட்டை முதுகில் சுமந்துகொண்டு பஸ் பயண லீக்குகளில் வருடக்கணக்காக ஆடியவர் அவர். அண்ணன் மாதிரி ஆட முடியவில்லை என்பதற்காக ஆட்டத்தை விடவில்லை. அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கும்.

#15 திலகா

வாசு, ஒரு கேள்வி. அவ்வளவு சின்ன ஊர் ஏன் இந்த அணியை அப்படிக் கட்டிக்கொண்டது? கனெக்டிகட்டில் வேறு அணிகளே இல்லையா?

#16 வடகரை வாசு

இதற்கு ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மேடம்.

டான்பரிக்குப் பட்டப்பெயரே தொப்பி நகரம். ஒரு காலத்தில் அமெரிக்காவின் ஃபெல்ட் (ரோமத்தை அழுத்திச் செய்யும் துணி) தொப்பிகளில் பெரும்பங்கு அங்கேதான் தயாரானது. முயல் ரோமத்தைப் பதப்படுத்தப் பாதரசம் பயன்படுத்தினார்கள். அந்த ஆவியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குக் கை நடுக்கம் வரும். அதற்கு டான்பரி நடுக்கம் என்றே பெயர். 1941-ல்தான் பாதரசத்தை நிறுத்தினார்கள். அப்புறம் மக்கள் தொப்பி போடுவதையே விட்டுவிட்டார்கள், தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. ஊரின் பெயரைச் சொன்னால் நாலு பேருக்குத் தெரியும் என்ற காலம் போய்விட்டது.

மாநிலத்துக்கென்று இருந்த ஒரே என்.எச்.எல். அணி ஹார்ட்ஃபோர்ட் வேலர்ஸ். அதுவும் 1997-ல் வட கரோலினாவுக்குப் போய்விட்டது. அந்த வலியை இங்குள்ளவர்கள் இன்னும் பேசுகிறார்கள். ஹாக்கி தெரிந்த, ஹாக்கி இல்லாத மாநிலம். ஏ.எச்.எல். அணிகள் இருந்தன, ஆனால் அவற்றில் நல்ல ஆள் என்று தெரிந்ததும் மேலே கூப்பிட்டுக்கொள்வார்கள். டிராஷர்ஸ் வீரனை யாரும் கூப்பிட மாட்டார்கள். அவன் உங்கள் ஊர்க்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் காபி குடிக்கிற கடையில் வீங்கிய கண்ணோடு உட்கார்ந்திருப்பான்.

கலைந்த பிறகு அந்த அரங்கில் எத்தனை பெயர்கள் வந்து போயின என்று பாருங்கள். 2008-ல் மேட் ஹேட்டர்ஸ், ஒரே சீசன். 2010-ல் டான்பரி வேலர்ஸ் (ஹார்ட்ஃபோர்டின் பெயரைத்தான் வைத்துக்கொண்டார்கள்), ஐந்து சீசன், 2013-ல் ஃபெடரல் ஹாக்கி லீக் என்ற இன்னொரு மைனர் லீக்கின் கோப்பையும் வென்றார்கள். 2015-ல் டைட்டன்ஸ், இரண்டு சீசன். நான் முதலில் பார்த்தது இவர்களைத்தான். 2019-ல் ஹேட் ட்ரிக்ஸ். ஒரே ஆட்டத்தில் ஒரு வீரர் மூன்று கோல் அடித்தால் ரசிகர்கள் தொப்பியைக் கழற்றித் தளத்தில் வீசுவது ஹாக்கி வழக்கம், அதற்கு ஹேட் ட்ரிக் என்று பெயர். தொப்பி நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைக்க முடியும்? 2023-ல் அவர்கள் கோப்பையை வென்றார்கள், உச்சவரம்புப் பொய் இல்லாமல், மாஃபியா இல்லாமல்.

ராசன் அண்ணா சொன்னதற்கும் மேடம் சொன்னதற்கும் பதில் தேடிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அந்த அணியைக் கட்டியது திருட்டுக் காசில். அதில் சந்தேகமில்லை. ஆனால் மூவாயிரத்துக்குள் அடங்கிய அந்தக் கூட்டத்தின் சத்தம் திருட்டுச் சத்தம் அல்ல. 102-ஆம் பிரிவில் உட்கார்ந்திருந்த மெக்கானிக்கும் நர்ஸும் யாரையும் ஏமாற்றவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. முதல் பதிவில் அணி மேல் உள்ள பிரியத்தை மட்டும்தான் எழுதியிருந்தேன்.

#17 ரிங்க் ராசன்

அதை ஒத்துக்கொள்கிறேன், தம்பி. கூட்டத்தின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ரோனோக் வேலி வைப்பர்ஸுக்கும் ஒரு இழை போடச் சொல்லித்தான் கேட்கிறேன். ஒரே சீசன், கதை இல்லை, படம் இல்லை. அவர்களைப் பற்றி விஷயம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.

#18 மிச்சிகன் மீனா

மோட்டார் சிட்டி மெக்கானிக்ஸ் எங்கள் மாநில அணி. எங்கள் நூலகத்தில் பழைய செய்தித்தாள்கள் இருக்கின்றன. வாரக் கடைசியில் போய்ப் பார்த்துவிட்டுத் தனி இழையாக எழுதுகிறேன்.

#19 திலகா

டிசம்பரில் என் தங்கை வீட்டுக்கு நியூ ஜெர்சி வருகிறேன். அவள் பையனுக்கு 11 வயது. டான்பரியில் ஓர் ஆட்டம் பார்க்க முடியுமா, வாசு? அவனுக்குச் சண்டை காட்ட எனக்கு விருப்பமில்லை, ஆட்டம் காட்ட வேண்டும்.

#20 வடகரை வாசு

கட்டாயம் வாருங்கள் மேடம். தேதியைச் சொன்னால் டிக்கெட் நானே எடுத்து வைக்கிறேன். கோல் காப்பாளருக்குப் பின்னால் உள்ள கண்ணாடியிலிருந்து நாலைந்து வரிசை தள்ளி உட்கார்ந்தால் பக் கண்ணாடியில் மோதும்போது பையன் துள்ளி எழுவான், ஆட்டமும் முழுசாகத் தெரியும். கால்சட்டைக்குள் இன்னொரு கம்பளிக் கால்சட்டை போட்டு அழைத்து வாருங்கள். குளிர் தளத்திலிருந்துதான் கிளம்பி உட்கார்ந்த இடம் வழியாக மேலே ஏறும். இடைவேளையில் ஸம்போனி வரும்போது கேன்டீனுக்கு எழுந்து போய்விடாதீர்கள். ராசன் அண்ணா சொன்ன சுடுதண்ணீர் பின்னால் ஆவி விட்டுக்கொண்டே வருவதை அவனுக்குக் காட்ட வேண்டும்.